கணப்பு உள்ள வீட்டில் அலர்ஜியைச் சமாளிப்பது: மூணாறு மலையிலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

மூணாறு, தேவிகுளம் பக்கத்து மார்கழி இரவைச் சமவெளிக்காரர்களுக்குச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரம், சில இடங்களில் அதற்கும் மேல். ஜனவரியில் சில நாட்கள் புல்வெளியில் உறைபனி வெள்ளையாகப் படிந்துவிடும். இங்கே கணப்பில் நெருப்பு மூட்டுவது அழகுக்காக அல்ல. வயதானவர்களுக்கு முழங்கால் மடங்க வேண்டும், குழந்தைகள் தூங்க வேண்டும், அதற்காகத்தான். அதனால் "அலர்ஜியா? நெருப்பை நிறுத்திவிடுங்கள்" என்ற ஒற்றை வரி அறிவுரை எங்களுக்குப் போதாது.

எங்கள் வீடு பழைய தோட்டத்து பங்களா பாணியில் கட்டியது. கூடத்தில் செங்கல் கணப்பு, மேலே ஓட்டுக்கூரையைத் தாண்டிப் போகும் புகைபோக்கி. என் மகளுக்கு ஆறு வயதில் தும்மல் ஆரம்பித்தது. அப்புறம் இரவு இருமல், அப்புறம் மூச்சில் விசில் சத்தம். நாங்கள் உடனே நெருப்பின் மேல் பழியைப் போட்டு ஒரு மாதம் கணப்பையே மூடினோம். தும்மல் குறையவில்லை, கூடியது. குளிருக்காக அலமாரியிலிருந்து பழைய கம்பளிகளை எல்லாம் எடுத்து அவள் மேல் போர்த்தியதுதான் காரணம் என்று பின்னால்தான் தெரிந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன். வரிசையை மாற்றாதீர்கள். முதல் படியைத் தாண்டிவிட்டு ஏர் பியூரிஃபயர் வாங்க ஓடினால் பணம்தான் போகும்.

1. அலர்ஜி எது, புகை எரிச்சல் எது என்று முதலில் பிரித்துப் பாருங்கள்

அலர்ஜி என்பது, ஆபத்தில்லாத ஒரு பொருளை உடம்பு எதிரியாக நினைத்துக் கிளம்புவது. தூசிப்பூச்சியின் கழிவு, பூஞ்சைத் துகள், கரப்பான்பூச்சியின் எச்சம், நாய் பூனையின் தோல் செதில், மகரந்தம் ஆகியவைதான் வழக்கமாக அதைக் கிளப்புபவை. விறகுப் புகை அந்தப் பட்டியலில் வராது. அது எரிச்சலூட்டி. யார் மூக்கில் போனாலும் எரியும். ஆனால் ஏற்கெனவே அலர்ஜியால் வீங்கியிருக்கும் மூக்கிலும் ஆஸ்துமா உள்ள மூச்சுக்குழாயிலும் அது புண்ணில் உப்பு போல வேலை செய்யும். இரண்டும் ஒன்றாகச் சேர்ந்து வருவதால்தான் குழப்பம்.

இரண்டு வாரம் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். எத்தனை மணிக்குத் தும்மல் அல்லது இருமல், எந்த அறையில், அன்று நெருப்பு மூட்டினீர்களா, என்ன விறகு, யார் விறகு எடுத்து வந்தார்கள், படுக்கை எப்போது மாற்றியது. பெரும்பாலும் நோட்டே பதில் சொல்லிவிடும்.

காலையில் கண் விழித்ததும் தொடர்ச்சியாகத் தும்மல், கண்ணிலும் மூக்கிலும் அரிப்பு என்றால் தூசிப்பூச்சியைச் சந்தேகியுங்கள். அது படுக்கையில் இருக்கிறது. விறகை உள்ளே கொண்டுவந்து அடுக்கும்போதோ, மழைக்குப் பிறகு அடைத்துக் கிடந்த அறையைத் திறக்கும்போதோ வந்தால் பூஞ்சை. நெருப்பு மூட்டிய சில நிமிடங்களில் கண் எரிந்து, தொண்டை கரகரத்து, அரிப்பில்லாமல் வறட்டு இருமல் வந்தால் புகை. தேயிலை ஃபாக்டரியில் வேலை செய்பவர் வீட்டுக்கு வந்ததும் அறிகுறி கிளம்பினால், அவர் உடுப்பில் ஒட்டி வரும் தேயிலைத் தூசியையும் கணக்கில் எடுங்கள். தேயிலைத் தூசியால் ஆஸ்துமா வருவது மருத்துவ உலகம் பல காலமாக அறிந்த விஷயம். வாசலிலேயே உடுப்பை மாற்றிவிட்டு உள்ளே வரச் சொல்லுங்கள்.

ஐந்தாவதாக ஒன்று உண்டு, அது அலர்ஜியே அல்ல. நெருப்பு எரியும்போது வீட்டில் இருக்கும் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி, தலைசுற்றல், குமட்டல், வெளியே போனால் சரியாகிவிடுகிறது. இது கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயுவின் வேலை. நிறம் கிடையாது, வாசனை கிடையாது. நோட்டெல்லாம் எழுதிக்கொண்டிருக்காதீர்கள். எல்லோரையும் வெளியே கூட்டிக்கொண்டு வந்து, 108-ஐ அழையுங்கள்.

2. மருத்துவரிடம் போங்கள், நோட்டோடு

அந்த நோட்டை மருத்துவரிடம் காட்டுங்கள். "எப்போதும் சளி டாக்டர்" என்று சொல்வதைவிட அது நூறு மடங்கு உதவும். தேவைப்பட்டால் தோலில் குத்திப் பார்க்கும் சோதனையோ, ரத்தத்தில் ஐஜிஈ என்னும் அலர்ஜி எதிர்ப்பொருளை அளக்கும் சோதனையோ எழுதித் தருவார். தோல் சோதனைக்குச் சில நாட்கள் முன்பே செட்டிரிசின் மாதிரி அலர்ஜி மாத்திரைகளை நிறுத்தச் சொல்வார்கள், வழக்கமாக ஒரு வாரம். இல்லாவிட்டால் சோதனை பொய் சொல்லிவிடும். என் மகளுக்குத் தூசிப்பூச்சியும் பூஞ்சையும் தெளிவாகக் காட்டியது. நாங்கள் ஒரு மாதம் திட்டித் தீர்த்த நெருப்பு, பாவம், அந்தப் பட்டியலிலேயே இல்லை. இருக்கவும் முடியாது, புகை எரிச்சலுக்கு அப்படி ஒரு தோல் சோதனை கிடையாது.

கேரளத்துக் குடும்ப ஆரோக்கிய மையங்களில் ஆஸ்துமா, நாள்பட்ட மூச்சுநோய்களுக்காக 'சுவாஸ்' என்ற கிளினிக் நடத்துகிறார்கள். தமிழ் மட்டும் தெரிந்தவர்களும் தயங்காமல் போகலாம், இந்த மலையில் தமிழ் புரியாத ஊழியரைப் பார்ப்பதுதான் அரிது.

மருந்தில் இரண்டு விஷயம் மட்டும் சொல்கிறேன், மற்றது மருத்துவர் வேலை. ஒன்று, ஸ்டீராய்டு மூக்கு ஸ்பிரேயும் தடுப்பு இன்ஹேலரும் அன்றைக்கே குணம் தராது. தினமும் போட வேண்டும், சில நாட்கள் கழித்துத்தான் தெரியும். "போட்டுப் பார்த்தேன், ஒன்றும் ஆகவில்லை" என்று மூன்றாம் நாள் நிறுத்துபவர்கள்தான் இங்கே அதிகம். நீல நிற நிவாரண இன்ஹேலரை மட்டும் நம்பி ஆஸ்துமாவை ஓட்டுவது தவறு என்று உலக ஆஸ்துமா வழிகாட்டுதல்கள் 2019 முதலே சொல்லி வருகின்றன. குழந்தைக்கு இன்ஹேலர் என்றால், அதோடு பொருத்தும் ஸ்பேசர் என்னும் குழாய் கட்டாயம்.

இரண்டு, உப்புத் தண்ணீரால் மூக்கைக் கழுவுவது. நல்ல பலன் தரும், புகை நாளில் இன்னும் நன்றாக இருக்கும். ஆனால் குழாய்த் தண்ணீரையோ ஓடைத் தண்ணீரையோ அப்படியே மூக்கில் விடவே கூடாது. கேரளத்தில் 2024-லும் 2025-லும் அமீபா மூளைக்காய்ச்சல் பலரைப் பிடித்ததை எல்லோரும் பார்த்தோம். அந்த அமீபா உள்ளே நுழையும் வழி மூக்குதான். மலையில் தண்ணீர் 100 டிகிரிக்கு முன்பே, ஏறக்குறைய 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதனால் நன்றாகத் தளதளவென்று 3 நிமிடம் கொதிக்கவிட்டு, மூடி ஆறவைத்து, அன்றைக்கே பயன்படுத்துங்கள்.

யூகலிப்டஸ் தைலம் போட்டு ஆவி பிடிப்பது இங்கே வீட்டுக்கு வீடு உண்டு. ஆஸ்துமா உள்ளவருக்கு அந்தக் காட்டமான வாசனையே இழுப்பைத் தொடங்கிவைக்கலாம். குழந்தைக்கு வெந்நீர் கொட்டும் அபாயம் வேறு. வேண்டாம்.

ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியாமல் மூச்சு வாங்குவது, விலா இடுக்கு உள்ளே இழுப்பது, உதடு நீலமாவது, நிவாரண இன்ஹேலர் போட்டும் அடங்காதது: இவற்றில் எது வந்தாலும் காலைவரை காத்திருக்கக் கூடாது. மலைச்சாலையில் ஆம்புலன்ஸ் வர நேரமாகும், மூடுபனி இருந்தால் இன்னும் நேரமாகும். அதை மனதில் வைத்து முன்பே கிளம்புங்கள்.

3. விறகு: பாதிப் பிரச்சினை இங்கேதான்

எங்கள் வீட்டில் கணப்புக்குப் பக்கத்திலேயே சுவரோரமாக ஒரு வாரத்து விறகு அடுக்கியிருக்கும். பார்க்க அழகு, கைக்கெட்டும் தூரம். ஒரு நாள் அடுக்கின் அடியில் இருந்த கட்டையைத் திருப்பிப் பார்த்தேன். பட்டைக்கும் மரத்துக்கும் நடுவில் வெள்ளையும் பச்சையுமாகப் பூஞ்சை பூத்திருந்தது. கூடத்துச் சூட்டில் விறகு காய்ந்ததுதான், ஆனால் காய்ந்த பூஞ்சைதான் சுலபமாகத் தூளாகிப் பறக்கும். மகள் அந்த அடுக்குக்கு எதிரில் உட்கார்ந்துதான் வீட்டுப்பாடம் எழுதுவாள்.

முதல் விதி: விறகு வீட்டுக்கு வெளியே. அன்றைய இரவுக்கு வேண்டியது மட்டும், எரிக்கும் நேரத்தில் உள்ளே. கொண்டுவருவதற்கு முன் வெளியிலேயே கட்டைகளை ஒன்றோடொன்று தட்டி, தொங்கும் பட்டையை உரித்துப் போட்டுவிடுங்கள். அலர்ஜி உள்ளவர் இந்த வேலையைச் செய்யக் கூடாது.

இரண்டாவது விதி: காய்ந்த விறகு. வெட்டிய பச்சை மரத்தில் எடையில் பாதி தண்ணீராகவே இருக்கலாம். அந்தத் தண்ணீரை ஆவியாக்கவே நெருப்பின் சூடு செலவாகிவிடும். நெருப்பு குளிர்ந்து, சரியாக எரியாத வாயுவும் கரியும் புகையாக வரும். விறகின் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். ஈரம் அளக்கும் சின்ன மீட்டர் கிடைக்கிறது. இரண்டு முள்ளைக் குத்தினால் எண் காட்டும். கட்டையின் வெளிப்பக்கத்தில் குத்தாதீர்கள், பிளந்து உள்பக்கத்தில் குத்துங்கள். மீட்டர் இல்லாவிட்டால் இரண்டு கட்டையை மோதிப் பாருங்கள். காய்ந்தது டங்கென்று கேட்கும், ஈரமானது தொப்பென்று. முனையில் வெடிப்பு ஓடியிருந்தால் நல்ல அறிகுறி.

எவ்வளவு காலம் காயவைப்பது? பிளந்த விறகுக்குக் குறைந்தது 6 மாதம், முடிந்தால் ஒரு வருடம். எங்கள் மலையில் கணக்கு இன்னும் இறுக்கம், ஏனென்றால் இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழையும் துலா மழை என்னும் வடகிழக்குப் பருவமழையும் சேர்ந்து வருடத்தில் பாதியைத் தின்றுவிடும். டிசம்பரில் வெட்டிப் பிளந்த விறகை அடுத்த டிசம்பரில் எரிப்பதுதான் பாதுகாப்பு. வண்டியில் விறகு கொண்டுவரும் அண்ணனிடம் நான் இப்போது முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: "அண்ணே, இந்த வருசத்துக்கு வேண்டாம், அடுத்த வருசத்துக்குத்தான் எடுக்கிறேன்." ஆரம்பத்தில் அவருக்கு விசித்திரமாக இருந்தது. இப்போது மே மாதத்து மழைக்கு முன்பே அவராகவே வந்து கேட்கிறார்.

அடுக்குவது எப்படி? தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் கல் வைத்து, அதன் மேல் ஒற்றை வரிசையாக. மேலே மட்டும் தகரம் அல்லது தார்ப்பாய், பக்கவாட்டில் காற்று ஓட வேண்டும். முழுவதையும் தார்ப்பாயால் மூடிக் கட்டினால் உள்ளே வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும். படுக்கையறை ஜன்னலுக்கு நேர் கீழே அடுக்காதீர்கள்.

எந்த மரம்? இந்தப் பக்கத்தில் கிராண்டிஸ் என்று சொல்லும் யூகலிப்டஸ், வாட்டல், சில்வர் ஓக், அப்புறம் தேயிலைச் செடியைக் கவாத்து செய்யும்போது (கிளைகளை வெட்டிவிடும்போது) கிடைக்கும் கவாத்துக் கட்டை ஆகியவைதான் கிடைக்கும். மர வகையைப் பற்றி ஆளுக்கொரு கருத்து சொல்வார்கள். என் அனுபவத்தில் வகையைவிட நன்றாகக் காய்ந்திருப்பதுதான் பெரிது. நன்கு காய்ந்த கவாத்துக் கட்டை மெதுவாக, கனமாக எரியும். புதிதாகக் கவாத்து செய்த காட்டிலிருந்து நேராகக் கொண்டுவந்ததை எரிக்காதீர்கள், ஈரம் மட்டுமல்ல, மருந்து அடித்த இலையும் அதில் ஒட்டியிருக்கும்.

எரிக்கவே கூடாதவை: பிளைவுட், பெயின்ட் அடித்த பழைய ஜன்னல் சட்டம், உர மூட்டை, ஏலத்தோட்டத்து மருந்து வந்த பை, பால் கவர், தெர்மோகோல். நெருப்பு பற்றவைக்கப் பால் கவரைச் செருகுவது எத்தனையோ வீடுகளில் கை தன்னால் செய்யும் வேலை. தயவுசெய்து நிறுத்துங்கள். காட்டிலிருந்து பொறுக்கிய விறகு என்றால் சேரு மரம் கலந்திருக்கிறதா என்று தெரிந்தவரிடம் காட்டுங்கள். அதன் பால் தோலில் பட்டாலே வெந்து கொப்பளிக்கும், அதை அடுப்பில் வைப்பதை நினைத்துக்கூடப் பார்க்கக் கூடாது. அரளிக் கட்டையும் வேண்டாம்.

4. புகைபோக்கி

கணப்பு சரியாக வேலை செய்தால் புகை அறைக்குள் வரவே கூடாது. "கொஞ்சம் வரத்தான் செய்யும்" என்று நாங்கள் வருடக்கணக்காக நம்பியிருந்தோம். அது தவறு. கூடத்துச் சுவரில் கணப்புக்கு மேலே கரி படிந்திருந்தால் புகை உள்ளே திரும்புகிறது என்று அர்த்தம்.

வருடத்துக்கு ஒரு முறை, மழை முடிந்து குளிர் தொடங்குமுன், அதாவது நவம்பர் வாக்கில், சுத்தம் செய்ய வேண்டும். ஈர விறகு எரித்த வீட்டில் உள்சுவரில் தார் மாதிரி பளபளக்கும் கறுப்புப் படலம் ஒட்டியிருக்கும். கிரியோசோட் என்பார்கள். அது புகைபோக்கியைச் சுருக்கும், ஒரு நாள் தானே தீப்பிடிக்கவும் செய்யும். ஓட்டுக்கு மேலே நின்று நீளப் பிரஷ்ஷை இறக்கிச் செய்யும் வேலை இது. பழக்கமான ஆளையே கூப்பிடுங்கள். அன்று அலர்ஜி உள்ளவர் வீட்டில் இருக்க வேண்டாம். கணப்பின் வாயை ஈரத்துணியால் மறைத்து ஒட்டிவிட்டுத்தான் மேலே வேலை தொடங்க வேண்டும். எங்கள் வீட்டில் முதல் முறை அதைச் செய்யாமல் விட்டோம். கூடத்தில் கரித்தூள் படிந்து இரண்டு நாள் துடைத்தோம், அந்த வாரம் முழுவதும் மகளுக்கு இழுப்பு.

சுத்தம் செய்பவரிடம் மூன்று விஷயம் பார்க்கச் சொல்லுங்கள். உள்ளே செங்கல் விரிசல் இருக்கிறதா. பறவைக்கூடு இருக்கிறதா (மழைக்காலம் முழுக்கச் சும்மா கிடக்கும் புகைபோக்கியில் கட்டாயம் ஏதாவது குடியிருக்கும், காய்ந்த கூடும் இறகும் எச்சமும் தனி அலர்ஜிக்காரணம்). மேலே மழைமூடியும் வலையும் சரியாக இருக்கின்றனவா. மழைமூடி இல்லாவிட்டால் தண்ணீர் உள்சுவரில் இறங்கி, கணப்பின் பின்சுவரே பூஞ்சைப் பண்ணையாகிவிடும். ஜூலையில் கணப்புப் பக்கமிருந்து ஈரக்கரி வாடை வந்தால் இதுதான் காரணம்.

உயரமும் முக்கியம். புகைபோக்கி கூரையை விட்டு வெளிவரும் இடத்திலிருந்து குறைந்தது 3 அடி உயர வேண்டும். 10 அடி தூரத்துக்குள் இருக்கும் கூரை முகட்டையோ வேறு எதையுமோ விட 2 அடி உயரமாக இருக்க வேண்டும். வீட்டை ஒட்டி மேல்மாடி எழுப்பியவர்கள், ஹோம்ஸ்டேக்காக அறை சேர்த்தவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். முன்பு நன்றாக இழுத்த புகைபோக்கி புதுச் சுவர் எழுந்த பிறகு இழுக்காமல் போவது அடிக்கடி நடக்கிறது.

5. மூட்டும் முறை

முதலில் புகைபோக்கியின் வழியைத் திறந்து மூடும் டேம்பர் என்னும் இரும்புத் தகடு முழுக்கத் திறந்திருக்கிறதா என்று கையால் தொட்டுப் பாருங்கள். அடுத்து, கூடத்து ஜன்னல் ஒன்றை ஒரு விரல் அளவு திறந்து வையுங்கள். நெருப்பு மேலே இழுக்கும் காற்றுக்கு ஈடாக வெளியிலிருந்து காற்று வந்தாக வேண்டும். எல்லாவற்றையும் அடைத்துவிட்டால் புகைபோக்கி வழியாகவே காற்று கீழே இறங்கும், புகையையும் கூட்டிக்கொண்டு. அந்த நேரத்தில் சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடக் கூடாது, அதுவும் புகையை உள்ளே இழுக்கும்.

குளிர்ந்து கிடக்கும் புகைபோக்கியில் கனமான குளிர்க்காற்று அடைத்து நிற்கும். ஒரு நியூஸ்பேப்பரைச் சுருட்டிப் பற்றவைத்து, டேம்பருக்கு அருகே ஒரு நிமிடம் பிடியுங்கள். சுடர் மேல்நோக்கி வளைந்து ஓடினால் வழி திறந்துவிட்டது.

அப்புறம் அடுக்கு. நாங்கள் எல்லோரும் கீழே சுள்ளி, மேலே கட்டை என்று பழகியவர்கள். அதைத் தலைகீழாக்குங்கள்: அடியில் பெரிய கட்டைகள், அதன் மேல் சின்னக் கட்டைகள், உச்சியில் சுள்ளியும் காகிதமும். மேலிருந்து பற்றவையுங்கள். கீழிருந்து எழும் புகை மேலே உள்ள சுடரைத் தாண்டித்தான் போக வேண்டும், போகும்போதே எரிந்துவிடும். முதல் பதினைந்து நிமிடப் புகை இதில் நன்றாகக் குறைகிறது. எங்களோடு இருக்கும் அத்தைக்கு இந்த முறை சுத்தமாகப் பிடிக்கவில்லை. "அடுப்பு மூட்டறதை நீ எனக்குச் சொல்லித் தர்றியா?" என்றார். ஒரு நாள் அவரையே மூட்டச் சொன்னேன், கண் கசக்காமல் எரிந்தது. இப்போது அவர் கையால்தான் மூட்டு. மண்ணெண்ணெய் ஊற்றாதீர்கள்.

சின்னதாக, சூடாக, பளிச்சென்று எரியும் நெருப்புதான் சுத்தமான நெருப்பு. இரவு முழுக்கக் கிடக்கட்டும் என்று பெரிய ஈரக் கட்டையைப் போட்டு, டேம்பரைப் பாதி மூடிவிட்டுப் படுப்பது எல்லாவற்றிலும் மோசமான பழக்கம். கனன்றுகொண்டே இருக்கும் கட்டைதான் அதிகப் புகையும் கார்பன் மோனாக்சைடும் தரும், வீடே தூங்கும் நேரத்தில்.

தணல் சட்டியை அறைக்குள் கொண்டுவந்து கதவைச் சாத்திப் படுக்கும் வழக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகளான லயங்களிலும் செய்கிறார்கள், குளிர் தாங்காத சுற்றுலாக்காரர்களும் செய்கிறார்கள். கரித் தணலில் புகை தெரியாது, அதனால் பயமும் வராது. மலையூர்களில் மூடிய அறையில் தணல் வைத்துத் தூங்கியவர்கள் எழுந்திருக்காத செய்தி எத்தனையோ முறை வந்திருக்கிறது. ஒரு குழந்தையைக்கூட அப்படிப் படுக்கவைக்காதீர்கள். கணப்பு உள்ள வீட்டில் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று கட்டாயம், தூங்கும் அறைகளுக்கு அருகில், சத்தம் கேட்கும் இடத்தில். புகை அலாரம் வேறு, இது வேறு, வாங்கும்போது பார்த்து வாங்குங்கள்.

6. சாம்பல்

சாம்பல் மிக நுண்ணிய தூள், காற்றில் வெகு நேரம் மிதக்கும். முழுக்க ஆறிய பிறகு, தண்ணீரை லேசாகத் தெளித்து, மெதுவாக அள்ளி, மூடியுள்ள இரும்பு வாளியில் போடுங்கள். துடைப்பத்தால் வீசிப் பெருக்காதீர்கள். சாதாரண வாக்குவம் கிளீனரும் கூடாது, பின்பக்கம் வழியாக நுண்தூளை அறைக்கே திருப்பித் தரும். அள்ளுபவர் என்95 முகக்கவசம் அணியட்டும். சாம்பலுக்குள் தணல் நாள்கணக்கில் உயிரோடு கிடக்கும், பிளாஸ்டிக் வாளியும் விறகு அடுக்கின் பக்கமும் ஆகாது.

7. படுக்கையறை: இங்கேதான் ஜெயிக்க வேண்டும்

ஒரு நாளின் மூன்றில் ஒரு பங்கைப் படுக்கையில் கழிக்கிறோம். கூடத்தை என்ன செய்தாலும், படுக்கையறையை விட்டால் பலன் இல்லை.

தூசிப்பூச்சி கண்ணுக்குத் தெரியாது, கடிக்காது. நம் தோலிலிருந்து உதிரும் செதிலைத் தின்று, காற்றின் ஈரத்தை உறிஞ்சி வாழும். ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அதற்கு வாழ்க்கை கடினம். எங்கள் மலையில் ஜூலையில் வீட்டுக்குள் வைத்த ஈரப்பதமானி 85, 90 என்று நிற்கும். அதற்குச் சொர்க்கம்.

கம்பளிதான் முதல் சந்தேகம். அத்தை கல்யாணத்துக்குக் கொண்டுவந்த கம்பளி எங்கள் வீட்டில் இன்னும் இருக்கிறது, அதை மகள் மேல் போர்த்துவது பாசம் என்று எனக்கும் தெரியும். அதைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. அலர்ஜி உள்ளவருக்கு மட்டும் துவைக்கக்கூடிய பருத்திப் போர்வைகளை இரண்டு மூன்றாக அடுக்கிப் போர்த்துங்கள். விரிப்பு, தலையணை உறை, போர்வை ஆகியவற்றை வாரம் ஒரு முறை 60 டிகிரி வெந்நீரில் துவைக்க வேண்டும். வாஷிங் மெஷினில் அந்த வசதி இல்லாவிட்டால், வெந்நீர் அண்டாவில் ஊறவைத்துத் துவைத்தாலும் சரிதான். வெயிலில் போடுவது நல்லது, ஆனால் அது மட்டும் போதாது. பூச்சி செத்தாலும் அதன் கழிவு துணியிலேயே இருக்கும், தண்ணீரில் போனால்தான் போகும். மெத்தைக்கும் தலையணைக்கும் ஜிப் வைத்த, நெருக்கமாக நெய்த பூச்சித் தடுப்பு உறை போடுங்கள். செலவு என்றால் தலையணைக்கு முதலில்.

மழைக்காலத்தில் ஈரத்துணியைக் கணப்புக்கு முன்னால் கொடி கட்டிக் காயப்போடுவது இங்கே எல்லா வீட்டிலும் உண்டு. வேறு வழி இல்லை என்பதும் உண்மை. ஆனால் துணியின் தண்ணீர் முழுவதும் அறையின் காற்றில்தான் போகிறது, புகைத் துகள் முழுவதும் துணியில்தான் படிகிறது. பிறகு அதே துணியைக் குழந்தை முகத்தோடு சேர்த்துப் போர்த்துகிறோம். தாழ்வாரத்தில் தகரக்கூரை போட்டு, பக்கம் திறந்த ஓர் இடத்தைத் துணிக்கென்று ஒதுக்குங்கள். மெதுவாகக் காயும். படுக்கைத் துணிகளை மட்டுமாவது அங்கே காயவையுங்கள்.

அலமாரியைச் சுவரோடு ஒட்டாமல் நான்கு விரல் தள்ளி வையுங்கள், பின்னால் காற்று ஓடினால் பூஞ்சை குறையும். சுவரில் பூஞ்சை தெரிந்தால் சோப்புத் தண்ணீரால் துடைத்து உலரவிடுங்கள், ஓட்டு ஒழுக்கையோ விரிசலையோ அடைக்காமல் அதன் மேல் பெயின்ட் அடிப்பது வீண். ஈரம் உறிஞ்சும் டீஹியூமிடிஃபயர் வாங்க முடிந்தால், மழைக்காலத்தில் அந்த ஒரு அறைக்கு அதுதான் நல்ல முதலீடு.

படுக்கையறைக் கதவு நெருப்பு எரியும் நேரம் முழுக்கச் சாத்தியிருக்கட்டும், கதவின் அடி இடுக்கில் துணிச் சுருட்டு. அந்த அறைக்குச் சூடு வேண்டுமானால் எண்ணெய் நிரப்பிய மின்சார ரேடியேட்டர் ஹீட்டர் நல்லது, புகையும் இல்லை, தூசியை வீசும் ஃபேனும் இல்லை. படுப்பதற்கு அரை மணி முன் போர்வைக்குள் வெந்நீர்ப் பை வைத்தால் பாதி குளிர் தீர்ந்தது.

ஊதுபத்தி, சாம்பிராணி, கொசுவத்திச் சுருள் ஆகியவையும் புகைதான். கணப்பை நிறுத்திவிட்டு வெள்ளிக்கிழமை சாம்பிராணியால் வீட்டை நிரப்பினால் கணக்கு சரியாகாது. பூஜைக்கு விளக்கு போதும், சாமி கோபித்துக்கொள்ளாது.

8. ஏர் பியூரிஃபயரும் ஜன்னலும்

ஏர் பியூரிஃபயரில் இருக்கும் ஹெப்பா என்னும் நுண்வடிகட்டி 0.3 மைக்ரான் அளவுள்ள துகளில் 99.97 சதவீதத்தைப் பிடிக்கும். அந்த பியூரிஃபயரைப் படுக்கையறையில் வையுங்கள், கூடத்தில் அல்ல. அறையின் அளவுக்கு ஏற்ற காற்றளவு கொண்டதா என்று டப்பாவில் பாருங்கள். ஓசோன் வெளியிடும் வகை வேண்டவே வேண்டாம். எந்த பியூரிஃபயரும் கார்பன் மோனாக்சைடை எடுக்காது என்பதை மறக்காதீர்கள்.

பிஎம் 2.5 என்ற நுண்துகளைக் காட்டும் சின்னக் கருவி ஒன்றை ஒரு வாரம் யாரிடமாவது இரவல் வாங்கிப் பாருங்கள். 24 மணி நேரச் சராசரி ஒரு கனமீட்டருக்கு 15 மைக்ரோகிராமுக்கு மேல் போகாமல் இருப்பது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வழிகாட்டுதல். இந்தியத் தரம் 60. ஈரக் கட்டை, கீழிருந்து மூட்டிய நெருப்பு, திறந்த படுக்கையறைக் கதவு: இந்த மூன்றையும் ஒவ்வொன்றாக மாற்றும்போது எண் இறங்குவதைக் கண்ணால் பார்த்தால், வீட்டில் யாருக்கும் வாதாட ஒன்றும் இருக்காது.

குளிர்கால அதிகாலையில் ஜன்னலைத் திறக்காதீர்கள். இரவில் தரையை ஒட்டிக் குளிர்க்காற்று தேங்கும், மேலே சூடான காற்று மூடி போல நிற்கும். எல்லா வீட்டு அடுப்புப் புகையும் பள்ளத்தில் அப்படியே படிந்து கிடக்கும். வெயில் ஏறி, மூட்டம் கலைந்து, ஒன்பதரை பத்து மணிக்கு எல்லா ஜன்னலையும் திறந்து அரை மணி காற்றோட்டம் விடுங்கள்.

9. நெருப்பே வேண்டாம் என்னும் நாட்கள்

மேலே சொன்ன எல்லாம் செய்தாலும், வீட்டில் யாருக்காவது ஆஸ்துமா கட்டுக்குள் இல்லை, இந்த வாரம் நிவாரண இன்ஹேலர் அடிக்கடி தேவைப்படுகிறது, சளிக்காய்ச்சல் இருக்கிறது, கைக்குழந்தை வந்திருக்கிறது என்றால் அன்று நெருப்பு மூட்டாதீர்கள். இதில் நான் பேரம் பேசமாட்டேன். அத்தைக்கு ஹீட்டரும் வெந்நீர்ப் பையும், மற்றவர்களுக்கு ஸ்வெட்டரும் குல்லாவும். நிரந்தரத் தீர்வு தேடுபவர்கள், கணப்புக்குள் பொருத்தும் கண்ணாடிக் கதவுள்ள மூடிய இரும்பு அடுப்பை யோசிக்கலாம். திறந்த கணப்பில் சூட்டின் பெரும்பகுதி புகைபோக்கி வழியே போய்விடும். மூடிய அடுப்பில் விறகும் குறையும், புகையும் குறையும். பணம் அதிகம், நல்ல கொத்தனார் வேண்டும்.

10. ஒரு மார்கழி மாலையின் வரிசை

எங்கள் வீட்டில் இப்போது நடப்பதை நேரத்தோடு எழுதுகிறேன், உங்கள் வீட்டுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

நாலரைக்கு ஜன்னல்களைச் சாத்தி, படுக்கையறைக் கதவை மூடி, உள்ளே பியூரிஃபயரைப் போடுவேன். ஐந்தரைக்கு என் கணவர் வெளியே நின்று ஏழெட்டுக் கட்டையைத் தட்டி எடுத்து வருவார். ஆறு மணிக்கு டேம்பர் பார்த்து, கூடத்து ஜன்னலை ஒரு விரல் திறந்து, அத்தை மேலிருந்து மூட்டுவார். முதல் அரை மணி மகள் கூடத்துக்கு வரமாட்டாள், சமையலறையில் என்னோடு இருப்பாள். நெருப்பு நன்றாகப் பிடித்த பிறகு வந்து, முன்பு உட்கார்ந்த இடத்திலிருந்து இரண்டு பாய் தள்ளி உட்காருவாள். எட்டரைக்குக் கடைசிக் கட்டை, அதன் பிறகு எதுவும் போடுவதில்லை. படுக்குமுன் அவள் முகம் கழுவி, உடுப்பு மாற்றி, தடுப்பு இன்ஹேலர் போட்டு வாய் கொப்பளிப்பாள். பத்து மணிக்கு நான் தணலைக் கம்பியால் பரப்பிவிட்டு, அலாரத்தின் விளக்கைப் பார்த்துவிட்டுப் படுப்பேன். டேம்பரை அன்றிரவு மூடுவதில்லை. காலையில் சாம்பலைத் தொட்டுப் பார்த்து, முழுக்க ஆறியிருந்தால்தான் மூடுவேன்.